வெளிச்சம் வர முன்னமோ, பிறகோ?

லண்டனில் இருந்துகொண்டு மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு வேலை செய்தேன் என்றால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் "என்ன வேலை?" என்று கேட்பார். "இறைச்சி மாடு வளர்க்கிற ஆக்களுக்குக் கண்டுக் கணக்கு. கன்று பிறந்தால் பதியிற வேலை" என்பேன். அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டில் கவனமாகிவிடுவார்.

மோர்டனில் ஒரு கட்டில் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மாட்டு மந்தைகளுக்கான மென்பொருள் செய்து விற்கிற சின்ன நிறுவனம். எந்தப் பசு எப்போது கன்று ஈன்றது, ஆணா பெண்ணா, தானாக ஈன்றதா அல்லது கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்ததா, காதில் குத்திய தகட்டின் இலக்கம் என்ன என்பதையெல்லாம் பண்ணைக்காரர் அதில் பதிவார். அது அரசாங்கத்தின் மாட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கன்றுக்குக் கடவுச்சீட்டு வரும். ஓம், இந்த நாட்டில் மாட்டுக்கும் பாஸ்போர்ட் உண்டு. எங்கள் ஆட்களில் பலர் அதற்காக எத்தனை வருடம் காத்துக் கிடந்தார்கள் என்பது வேறு கதை.

பண்ணைக்காரர் எங்கேயாவது தடுமாறினால் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். தொலைபேசிக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். மற்றவர் ஒரு பெண், அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயரைச் சொல்லமாட்டேன். "என்ர பேர் கிடக்கிற ஃபைல் ஒண்டே போதும் அண்ணை" என்று அடிக்கடி சொல்லுவார். இன்னொன்றில் அதை நான் ஏற்றுவதாக இல்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. மகளோடு இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் போனார் என்று கடைசியாகக் கேள்விப்பட்டேன்.

என்னிலும் சில வயது இளையவர். யாழ்ப்பாணம். முட்டை கூடத் தொடாத சைவம். அப்படிப்பட்டவர் இறைச்சி மாட்டு மந்தைகளுக்குக் கணக்கு வைக்க வந்தது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. வந்த முதல் வாரமே வாயைக் கொடுத்தேன்.

"மாட்டிறைச்சிக்குக் கணக்கு எழுதிற சைவக்காரியை இப்பதான் பாக்கிறன்."

"நான் பிறக்கிறதை மட்டும்தான் எழுதிறன் அண்ணை. மிச்சம் உங்கட பாடு."

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. உண்மையிலேயே அப்படித்தான் வேலையைப் பிரித்தார். கன்று, காதுத்தகடு, பிறந்த திகதி என்று வரும் அழைப்பெல்லாம் அவருக்கு. விற்பனை, இறைச்சிக்கூடம், செத்த மாட்டை ஏற்றுகிற லொறி என்றால் "ஒரு நிமிசம்" என்று சொல்லி என் பக்கம் தள்ளிவிடுவார். அலுவலகத்தில் எனக்குச் சித்திரகுப்தன் வேலை. முதலாளி ஒரு ஆங்கிலேயர், பண்ணையில் பிறந்து லண்டனில் கல்யாணம் கட்டியவர். இந்த ஏற்பாடு அவருக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

அந்தச் சைவக்காரியின் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வந்த புதிதில் கவுன்சில் வகுப்பில் கற்றது கொஞ்சம். மீதி முழுவதும் பண்ணைக்காரர்களிடம் தொலைபேசியில் கற்றது. அதனால் வடக்கு மலைப்பக்கத்து வயோதிபர் போலப் பேசுவார். 'யெஸ்' வராது, 'அய்' என்பார். தமிழ்க்கடைக் காசாளர் பெடியன் ஒருநாள் அவர் ஆங்கிலம் பேசியதைக் கேட்டுவிட்டு, பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

பண்ணைக்காரர் பேசும்போது அவர் தட்டச்சு செய்யமாட்டார். கை இரண்டும் மடியில் கிடக்கும். ஒரு கன்று செத்துப் பிறந்தது என்று ஒரு மனிதர் சொல்லத் தொடங்கினால், அது மழையில் தொடங்கி, மிருக வைத்தியர் வரச் சுணங்கியதில் வளைந்து, அந்தப் பசுவின் தாய்க்காரி வரைக்கும் போகும். அவ்வளவையும் கேட்பார். அதற்குள் எங்கள் மென்பொருள், ஆள் நித்திரை என்று நினைத்துத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிடும். அவர் திரும்பக் கடவுச்சொல் அடித்து உள்ளே போவார். ஒரு நாளைக்குப் பலமுறை இந்தக் கூத்து நடக்கும். "கேட்டுக்கொண்டே அடியுங்கோவன்" என்பேன். "அடிக்கிற சத்தம் அவைக்குக் கேக்கும். கேட்டால் கதையைச் சுருக்கிப்போடுவினம்" என்பார்.

இன்னொன்று, பிழை என்ற சொல். திகதி பொருந்தாவிட்டால் திரையில் சிவப்பில் 'பிழை' என்று ஆங்கிலத்தில் பாயும். அதை எடுக்கச் சொல்லி முதலாளியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். 'திரும்ப ஒருமுறை பாருங்கள்' என்று போடச் சொன்னார். முதலாளி முதலில் சிரித்தார், பிறகு சலித்தார், கடைசியில் தொல்லை தாங்காமல் மாற்றினார். தொலைபேசியிலும் அப்படித்தான். "நீங்கள் பிழை விட்டிட்டியள்" என்று எந்தப் பண்ணைக்காரரிடமும் அவர் சொன்னதை நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும் தாராளமாகச் சொல்லுவார்.

ஆனால் அவர் என்றவுடன் எனக்கு நினைவு வருவது அந்தக் கேள்விதான். பசுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பண்ணைக்காரர் "நேற்றிரவு" என்பார். நேற்றிரவுக்குள் இரண்டு திகதி இருக்கிறது. மென்பொருளுக்கு ஒன்றுதான் வேண்டும். நான் என்றால், "பன்னிரண்டு மணிக்கு முன்னரா பின்னரா?" என்று கேட்டு முடிப்பேன். அவர் அப்படிக் கேட்கமாட்டார். முதலில் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்பார்: "வெளிச்சம் வர முன்னமோ, பிறகோ?" அதற்கு மறுமொழி வந்த பிறகுதான் மணிக்கூட்டுக்குப் போவார்.

"மென்பொருளுக்குச் சூரியனைத் தெரியாது" என்று நக்கலடித்தேன்.

"மனிசருக்குத் தெரியும்தானே. கொட்டிலுக்க நிண்டு கண்டு இழுக்கிற ஆள் மணிக்கூடே பாக்கும்? ஒரு ஆளிட்டை அந்த ஆளுக்குத் தெரிஞ்சதை முதல்ல கேளுங்கோ."

ஏன் இந்தப் பிடிவாதம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் வீதியில் யாரோ கிண்டிக் கேபிளை வெட்டிவிட்டார்கள். தொலைபேசி செத்துப்போனது. முதலாளி வெளியே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணியோடு சும்மா இருந்தோம். நான்தான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

"என்ர மனிசனைக் கொண்டுபோனது வியாழக்கிழமை இரவு. விடிய முன்னம். கோழியும் கூவேல்லை. அவர் செருப்புப் போட வெளிக்கிட, தேவையில்லை எண்டவங்கள். நான் இஞ்ச வந்து அகதி விசாரணையில அப்பிடித்தான் சொன்னனான், வியாழன் இரவு எண்டு. ஊரில முறைப்பாடு எழுதின கடுதாசியில வெள்ளிக்கிழமை எண்டு கிடந்தது. பன்னிரண்டு மணி தாண்டினால் இங்கிலீசுக் கணக்கில அது வெள்ளிதானே."

"மொழிபெயர்த்தவர் சொல்லேல்லையோ?"

"அவர் என்ன சொல்லுறது? நான் சொன்னதைச் சரியாத்தான் சொன்னவர். கடுதாசியும் சரி. எல்லாரும் சரி அண்ணை. வெள்ளிக்கிழமை எண்டால் நான் விடிய எழும்பி முழுகி, வீடு கழுவி, விளக்கு வைச்சிருப்பன். அவங்கள் வரேக்க நான் முழுகேல்லை. வீடு கழுவேல்லை. பிறகெப்பிடி அது வெள்ளி?"

எங்களுக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். எனக்கும் அப்படித்தான், இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும். அவர் சொன்ன கணக்கு எனக்கு உடனே விளங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த விசாரணை அதிகாரிக்கு விளங்கவில்லை. தன் புருசனைக் கொண்டுபோன நாளையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பெண்ணை நம்ப முடியாது என்று எழுதி, அகதிக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள்.

"லோயர் சொன்னவர், பதட்டத்தில மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ, லேசா முடிஞ்சிடும் எண்டு. நான் மாட்டன் எண்டிட்டன். நான் மாறிச் சொல்லேல்லை. அந்த இரவில எனக்கெண்டு மிஞ்சினது அது ஒண்டுதான், என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும் எண்டிறது. அதையும் பிழை எண்டு சொல்லச் சொன்னால்?"

வழக்கு இழுத்தது. கடைசியில் வேறு காரணங்களுக்காக இருக்க விட்டார்கள். ஆனால் அந்த வசனத்தை எடுக்கவில்லை. அது இன்னும் அந்த ஃபைலில் கிடக்கிறது. ஊரில் விட்டு வரும்போது மகளுக்கு நடக்கத் தெரியாது. அம்மம்மாவோடு வளர்ந்தாள். இங்கே வந்து சேரும்போது சைக்கிள் ஓடத் தெரிந்திருந்தது. "அவளுக்கு நடை பழக்கினது ஆர் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை" என்றார். புருசனைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

அடுத்த வசந்தத்தில்தான் ஒரு கிழவரின் கன்று விஷயம் வந்தது.

கிழவர் வடக்கு மலைப்பக்கத்தில் குத்தகைக் காணியில் மாடு வளர்த்தவர். அவர் வீட்டில் கணினி வேலை மனைவியினுடையது. அந்த அம்மா எங்கள் ஆளோடு நல்ல பழக்கம். இடுப்பெலும்பு முறிந்து அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் ஒரு பசு ஈன்றது. மிருக வைத்தியர் வந்து கன்றைக் காப்பாற்றினார், தாயைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் கன்று. கிழவர் போத்தலில் பால் கொடுத்து அதை வளர்த்தார். பதிவு செய்கிற வேலையைத் தள்ளிப்போட்டு, பிறந்த நாளிலிருந்து எண்ணுகிற கெடு முடிகிற கட்டத்தில் தடவித் தடவித் தானே அனுப்பினார். ஒரு நாள் பிந்திவிட்டது என்று மாட்டுப் பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது.

கடவுச்சீட்டு இல்லாத கன்று பண்ணையை விட்டு வெளியே போக முடியாது. விற்கவும் முடியாது. சாதாரணமாக என்றால் பரவாயில்லை, பண்ணையிலேயே கிடந்து சாகும்வரை புல் தின்னலாம். ஆனால் மனைவியின் நிலைமையால் கிழவர் இலையுதிர்காலத்தில் குத்தகையை விடுகிறார். மந்தை முழுவதும் ஏலத்துக்குப் போகிறது. இந்த ஒன்று மட்டும் போக முடியாது. காணியைக் கையளிக்கும் முன்னர் அதைக் கொன்றுவிட வேண்டும். ஏல விஷயம் என்பதால் அழைப்பு முதலில் எனக்கு வந்தது. பிறந்த திகதி என்றதும் எங்கள் ஆளுக்கு மாற்றினேன்.

"ஒரே ஒரு நாள்தான், அம்மா. உங்கள் பக்கத்தில் மாற்றிவிட முடியாதா?" என்று கிழவர் கேட்டார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"ஏலாது. ஒரு நாளை நான் மாத்த மாட்டன்" என்றார் அவர் ஆங்கிலத்தில். குரல் அப்படி இறுகி நான் கேட்டதில்லை. கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்ப பிறந்தது?"

"ஞாயிறு இரவு."

"வெளிச்சம் வர முன்னமோ, பிறகோ?"

"முன்னம். நல்ல இருட்டு."

"பன்னிரண்டு மணிக்கு முன்னமோ, பிறகோ?"

"தெரியாது, அம்மா. கையெல்லாம் பசுவுக்குள்ளே இருந்தது."

"எனக்குப் பிடிக்கும் எண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ. கண்டது, கேட்டது சொல்லுங்கோ. கொட்டிலுக்க என்ன சத்தம்?"

கிழவர் யோசித்தார். கொட்டிலில் ரேடியோ போட்டிருந்தாராம், பசுக்கள் அமைதியாக நிற்கும் என்று எப்போதும் போடுவது. கன்றின் முன்னங்கால் வெளியே வந்து, கயிறு கட்டி அவரும் வைத்தியரும் இழுத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் தேசிய கீதம் வந்தது. "நான் எழும்பி நிற்கமாட்டேன் என்று வைத்தியர் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் பசு விழுந்தது."

இந்த நாட்டில் அவர் போடுகிற வானொலி அன்றைய ஒலிபரப்பை முடிக்கும்போதுதான் தேசிய கீதம் போடும். அது நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில். அப்படியென்றால் கன்று பிறந்தது திங்கட்கிழமை. கிழவர் ஞாயிறு என்று பதிந்திருந்தார். திங்கள் என்றால் விண்ணப்பம் பிந்தவில்லை.

நான் துள்ளி எழும்பினேன். அவர் எழும்பவில்லை. வைத்தியரை அழைத்தார். கிழவர் சொன்னதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அந்த இரவைப் பற்றி உங்களுக்கு என்ன நினைவிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வைத்தியர் அந்தப் பசுவின் கர்ப்பப்பை, குளிர், கிழவரின் கிழிந்த மேற்சட்டை எல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "நடுவில் தேசிய கீதம் வேறு. எழும்பி நிற்கவா முடியும்?" என்றார். அப்போதுதான் எங்கள் ஆள் கண்ணை மூடித் திறந்தார். திரை எப்போதோ பூட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி பயந்தார். மறுத்துத் திருப்பிய பிறகு திகதியை மாற்றினால் களவு மாதிரித் தெரியும், நிறுவனத்தின் பெயர் போய்விடும் என்றார். "நாம் மென்பொருள் விற்கிறவர்கள், நீதிபதிகள் இல்லை."

"ஓம். நான் நீதி சொல்லேல்லை. கேள்விதான் கேட்டனான்" என்றார் அவர்.

கிழவர் தன் சொல்லில் ஒன்று, வைத்தியர் தன் சொல்லில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி இரண்டையும் படித்தார். தேசிய கீதத்தில் சிரித்தார், பிறகு சிரிக்காமல் இன்னொரு தரம் படித்தார். காரணத்தை மறைக்காமல் குறித்து, திருத்தத்தை அனுப்பச் சொன்னார்.

பிறகு காத்திருப்பு. ஏலம் நெருங்கிக்கொண்டு வந்தது. எங்கள் ஆள் கட்டிக்கொண்டு வந்த புட்டுப் பெட்டி பல நாள் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கன்றின் பேரில் அருச்சனையும் செய்துவிட்டு வந்தார்.

"ஐயர் பேர் கேக்கேல்லையோ?"

"சுந்தரி எண்டு சொன்னன். காதில கிடக்கிற நம்பரைச் சொல்ல ஏலுமே?"

"நட்சத்திரம்?"

"அதுதான் இப்ப நேரம் தெரியுமே. பாத்தனான்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எங்கட கணக்கில அது ஞாயிற்றுக்கிழமைக் கண்டுதான் அண்ணை. அந்த மனிசன் முதல்ல எழுதினது சரி."

ஏலத்துக்கு முந்திய வாரம் கிழவர் அழைத்தார். விற்பனை என்பதால் எனக்குத்தான் வந்தது. ஏலப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார். கடவுச்சீட்டு தபாலில் வந்துவிட்டதாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் இனப்பெருக்கத்துக்கென்று அந்தக் கன்றை இப்போதே பார்த்து வைத்திருக்கிறாராம். இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டுத் திருத்தினேன்.

"வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கிற அம்மா இருக்கிறாவா?" என்றார்.

கொடுத்தேன். அவர் ஒலிபெருக்கியைப் போட்டார், நானும் கேட்கட்டும் என்று. கிழவர் நன்றி சொன்னார், மனைவி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றார், கன்று வாளியைத் தட்டிவிடுகிற குழப்படியைச் சொன்னார். பிறகு கேட்டார்: "அதைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

அவர் கை மடியில் கிடந்தது. கீழே வீதியில் பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கி, போய்விட்டது. கிழவரும் அவசரப்படுத்தவில்லை.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் எங்கள் ஆள்.

அந்தக் கிழவருக்கு எங்கள் நாட்டைத் தெரியாது, வியாழன் வெள்ளி தெரியாது, ஃபைல் தெரியாது. யார் கேட்கவில்லை, எதைக் கேட்கவில்லை என்று அவர் விசாரிக்கவும் இல்லை.

"கேட்டிருக்கவேண்டும்" என்றார் கிழவர்.

"அய்" என்றார் அவர்.

தொலைபேசியை வைத்த பிறகும் அப்படியே இருந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டார். பிறகு திரையைப் பார்த்து, "அண்ணை, உது திரும்பவும் பூட்டுப்பட்டிட்டுது" என்றார்.

"கிடக்கட்டும்" என்றேன். "ஆறுதலாத் திறவுங்கோ."